பழைய கப்பல் கூட்டாளியைத் தேடுவது எப்படி? திருகோணமலைக் கடற்படைக் குடும்பங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

அப்பா 1956இல், பதினெட்டு வயதில், அன்றைய ரோயல் சிலோன் நேவியில் சேர்ந்தவர். சிக்னல்மேன், அதாவது கொடியாலும் விளக்காலும் செய்தி அனுப்புகிறவர். இன்றைக்கும் துறைமுகப் பக்கம் கப்பல் ஊதினால் சாய்மனைக் கதிரையில் இருந்தபடியே பேச்சை நிறுத்திவிட்டுக் காது கொடுப்பார். சில வருடங்களுக்கு முன்பு ஒரு பின்னேரம், யாரும் கேட்காமலே, "எனக்குப் பக்கத்து ஹமொக்கில் படுத்தவன் இப்ப இருக்கிறானோ தெரியாது பிள்ளை" என்றார். ஹமொக் என்றால் கப்பலில் மாலுமிகள் படுக்கிற, கயிற்றில் தொங்கும் துணிப் படுக்கை. பெயரைக் கேட்டேன். பட்டப்பெயர்தான் வந்தது. ஆள் மெலிவு என்பதால் எல்லோரும் 'ஈர்க்கு' என்று கூப்பிட்டார்களாம்.

அந்தப் பட்டப்பெயரை வைத்துக்கொண்டு பதினான்கு மாதம் தேடினோம். அதற்குப் பிறகு எங்கள் தெருவிலும் உப்புவெளியிலும் இன்னும் நான்கு குடும்பங்களுக்குத் தேடிக் கொடுத்தேன். இரண்டு பேர் கிடைத்தார்கள், ஒருவர் இறந்துபோயிருந்தார், ஒருவரைப் பற்றி இன்னும் ஒன்றும் தெரியவில்லை. எது உதவியது, எதில் நாட்கள் வீணாகின என்பதை வரிசையாக எழுதுகிறேன். ஐம்பதுகளில் சேர்ந்தவர்களுக்கு இப்போது தொண்ணூறு வயது ஆகிறது. அடுத்த பொங்கலுக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடும் வேலை இல்லை இது.

முதலில் பேச வைக்க வேண்டும்

எல்லோரும் இந்தப் படியைத் தாண்டி நேரே கடிதம் எழுதப் போகிறார்கள். நானும் அப்படித்தான் செய்தேன். கையில் ஒரு பட்டப்பெயரும் ஒரு கப்பல் பெயரும் மட்டும் இருந்தால் எந்த அலுவலகமும் எதுவும் செய்ய முடியாது. தேவையான விவரம் முழுவதும் வீட்டிலே, அந்தப் பெரியவரின் நினைவில்தான் இருக்கிறது.

"நேவி வாழ்க்கை எப்படி இருந்தது?" என்று கேட்காதீர்கள். "நல்லா இருந்தது" என்பார், அத்தோடு முடிந்தது. ஒரு நாளைக் கேளுங்கள். காலையில் யார் எழுப்பினார்? எழும்பியவுடன் முதல் வேலை என்ன? ஹமொக் எந்தப் பக்கம் தொங்கியது? தலைக்கு நேரே மேலே என்ன குழாய் போனது? சாப்பாட்டு மேசையில் எதிரே யார்?

அப்பாவிடம் வாயால் கேட்டதைவிடக் கையால் கேட்டதுதான் பலித்தது. ஒரு நாள் கடையில் நான்கு யார் பருத்திக் கயிறு வாங்கி, ஒரு பழைய படுக்கை விரிப்பையும் கொடுத்து, "ஹமொக்கை எப்படிக் கட்டுவீர்கள், காட்டுங்கோ" என்றேன். விரிப்பை நீளமாகச் சுருட்டினார். கயிற்றைத் தலைப்பக்கம் போட்டு இறுக்கினார். நடுங்குகிற விரல்கள் அந்தக் கயிற்றில் மட்டும் நடுங்கவில்லை. ஒவ்வொரு சுற்றுக்கும் முழங்காலால் அமர்த்தி, கயிற்றைத் தனக்கடியிலே விட்டு இழுத்தார். சரியாக ஏழு சுற்று. இறுக்கமாகக் கட்டிய ஹமொக் தண்ணீரில் மிதக்கும், கப்பல் தாழ்ந்தால் அதைப் பிடித்துக்கொண்டு ஆள் தப்பலாம் என்று சொல்லிக் கொடுத்திருந்தார்களாம். ஐந்தாவது சுற்றில் நிறுத்தி, "அவன் எப்பவும் ஆறோடு விட்டிடுவான், சீஃப் வந்து அவிழ்த்துப் போடுவார். ஒரு நாள் அவன் சொந்தப் பெயரைச் சொல்லிக் கத்தினார்" என்றார். சீஃப் என்றால் மாலுமிகளுக்கு மேலான சீஃப் பெட்டி ஒபிசர். பிறகு அந்தப் பெயரையும் சொன்னார். மாதக்கணக்காக வாயில் வராத பெயர் கயிற்றோடு வந்தது.

உங்கள் வீட்டுப் பெரியவர் ஸ்டோக்கர் (கொதிகலன், எஞ்சின் பக்கம் வேலை செய்தவர்) என்றால் ஒரு வால்வையோ எண்ணெய்த் துணியையோ கையில் கொடுத்துப் பாருங்கள். குக் என்றால் அடுப்படிக்குக் கூட்டிப் போங்கள். சிக்னல்காரரிடம் ஒரு டோர்ச் லைட் போதும்.

கப்பல் பேச்சு வீட்டில் உள்ளவர்களுக்குப் புரியாது என்பதால் பெரியவர்கள் பாதியில் நிறுத்திவிடுவார்கள். சில சொற்களைத் தெரிந்து வைத்திருங்கள். 'கில்லிக்' என்றால் லீடிங் சீமன், சட்டைக் கையில் ஒற்றை நங்கூரச் சின்னம் வைத்தவர். 'ஜிம்மி' என்றால் கப்பலின் முதல் லெப்டினன்ட். 'பன்டிங்' சிக்னல்காரர், 'ஸ்பார்க்கர்' தந்தி ஒப்பரேட்டர். 'டோபி' என்றால் துணி துவைப்பது, அது எங்கள் பக்கத்திலிருந்து அவர்களிடம் போன சொல். 'மேக் அண்ட் மென்ட்' என்றால் அரை நாள் லீவு. முன்பு துணி தைக்கக் கொடுத்த நேரம், பெயர் அப்படியே நின்றுவிட்டது. 'கை' என்றால் கொக்கோ. கட்டிச் சொக்கலேட்டைச் சீவிக் கொதிநீரில் கரைத்த தடித்த கொக்கோ. "மிடில் வோச்சில் கை குடிப்போம்" என்று அப்பா சொன்னபோது என் மகள் முழித்தாள். மிடில் வோச் என்பது நள்ளிரவு 12 மணியிலிருந்து 4 மணி வரையான காவல். மாலை 4 முதல் 8 வரையான காவலை மட்டும் இரண்டாகப் பிரித்து 'டொக் வோச்' என்பார்கள். அப்படிப் பிரித்தால் ஒரு நாளில் ஏழு காவல் வரும். அதனால் ஒரே ஆளுக்குத் தினமும் அதே நேரம் விழாது.

காவலைப் பற்றிக் கேட்பதில் ஒரு பெரிய பயன் உண்டு. ஒரே காவலில் நின்றவர்கள்தான் ஒருவரை ஒருவர் நன்றாக அறிவார்கள். "உங்களோடு மிடில் வோச் நின்றது யார்?" என்று கேட்டால் மூன்று பெயராவது வரும்.

போனில் பதிவு செய்யுங்கள். காலை நேரம் நல்லது, மருந்து போட்ட பிறகு, நாற்பது நிமிடத்துக்கு மேல் வேண்டாம். எழுதும்போது அவர் உச்சரித்தபடியே எழுதுங்கள், திருத்தாதீர்கள். பிழையாகத் தெரிகிற உச்சரிப்பில்தான் சரியான பெயர் ஒளிந்திருக்கும்.

றங்குப் பெட்டியைத் திறப்பது

இருக்கிற தாள்களில் மிகப் பெறுமதியானது சேவைச் சான்றிதழ். அதில் உத்தியோக எண், சேர்ந்த தேதி, பிரிவு, எந்தக் கப்பலில் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்பதெல்லாம் வரிசையாக இருக்கும். உத்தியோக எண்ணை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே பெயரில் பத்துப் பேர் இருக்கலாம், எண் ஒருவருக்குத்தான். பிரித்தானியக் கடற்படை நண்பரைத் தேடுகிறவர்களுக்கு அந்த எண்ணின் முன்னால் உள்ள எழுத்துகளும் பேசும். பி என்றால் போர்ட்ஸ்மத், சி என்றால் சத்தம் (Chatham), டி என்றால் டெவன்போர்ட் தளம். அடுத்து வரும் ஜே சீமன், சிக்னல் பிரிவுகளுக்கு, கே ஸ்டோக்கர்களுக்கு.

சான்றிதழ் இல்லாத வீடுகள்தான் எங்கள் ஊரில் அதிகம். 1964 டிசம்பர்ச் சூறாவளி கொஞ்சத்தைக் கொண்டுபோனது. 1983இலும் 1990இலும் ஓடின ஓட்டத்தில் பலர் உடுத்த துணியோடுதான் போனார்கள். மிஞ்சியதை 2004இல் கடல் எடுத்தது. தாள் இல்லை என்று விட்டுவிடாதீர்கள். ஒரு படம் இருந்தாலே நிறையச் சொல்லும்.

படத்தைப் பூதக்கண்ணாடியால் பாருங்கள். தொப்பிப் பட்டியில் கப்பல் பெயர் இருக்கிறதா? யுத்தக் காலத்துப் பிரித்தானியப் படங்களில், கப்பல் பெயருக்கு முன்னால் வரும் எச்.எம்.எஸ். என்ற எழுத்துகள் மட்டும்தான் இருக்கும். எதிரிக்குத் தெரியக்கூடாது என்பதற்காகக் கப்பல் பெயரை எடுத்திருந்தார்கள். வலது கையில் உள்ள சின்னம் தொழிலைச் சொல்லும்: காற்றாடி போன்ற உந்தி ஸ்டோக்கருக்கு, குறுக்கே வைத்த இரண்டு கொடிகள் சிக்னல்காரருக்கு, சிறகும் மின்னலும் தந்திக்காரருக்கு. இடது கையில் உள்ள நங்கூரம் பதவி. அதற்குக் கீழே வரும் அம்புக்குறி போன்ற பட்டிகளைப் பார்த்து "சார்ஜன்ட்" என்று நினைப்பவர்கள் பலர். அவை நன்னடத்தைப் பட்டிகள், சேவை வருடங்களைக் காட்டுபவை. இரண்டு பட்டி போட்ட ஒருவர் பதவியில் வெறும் ஏபிள் சீமனாக இருக்கலாம்.

கறுப்புத் தாள் ஆல்பத்தில் ஒட்டிய படத்தைப் பிய்க்க வேண்டாம். தாளோடு சேர்த்து, பகல் வெளிச்சத்தில், மேலிருந்து நேராகப் படம் பிடியுங்கள். பின்பக்கம் எழுத்து இருந்தால் அதையும் பிடியுங்கள். தயவுசெய்து லேமினேட் செய்யாதீர்கள். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் முப்பது மாலுமிகள் நிற்கும் ஒரே படத்தை லேமினேட் செய்து, சூட்டில் முகங்கள் எல்லாம் உரிந்து வந்துவிட்டன. அந்தத் தாத்தா அந்தப் படத்தை அதற்குப் பிறகு கையில் எடுக்கவில்லை.

எந்த நேவி, எந்த வருடம்?

"நேவியில் இருந்தார்" என்று சொல்லும்போது எங்கள் ஊரில் நான்கைந்து வேறு விடயங்களைச் சொல்கிறோம். இதைப் பிரிக்காமல் தேடினால் பிழையான கதவைத்தான் தட்டிக்கொண்டிருப்பீர்கள்.

1957க்கு முன்பு திருமலைத் தளம் பிரித்தானியருடையது. கரையில் இருந்த அவர்களின் தளத்துக்கும் கப்பல் போலவே எச்.எம்.எஸ். ஹைஃப்ளையர் என்று பெயர். சீனக்குடாவில் இருந்த கடற்படை விமானத் தளத்துக்கு எச்.எம்.எஸ். பம்பாரா. ஆகவே பழைய தாளில் 'ஹைஃப்ளையர்' என்று கண்டால் கடலில் போன கப்பலைத் தேடி அலைய வேண்டாம், அவர் டொக்யாட் (கப்பல் திருத்தும் தளம்) பக்கம் இருந்திருக்கிறார். 1957 ஒக்டோபர் 15ஆம் திகதி தளம் இலங்கையிடம் வந்தது. அன்றோடு வேலை போன டொக்யாட் குடும்பங்கள் எத்தனையோ. ஃபிட்டர், கொதிகலன் வேலையாட்கள், படகோட்டிகள், கன்டீன்காரர், துணி வெளுத்தவர்கள் என்று அவர்கள் சீருடை போடாதவர்கள். பழைய மாலுமிகள் அவர்களையும் தேடுகிறார்கள், அவர்களும் மாலுமிகளைத் தேடுகிறார்கள். கூட்டாளி என்ற கணக்கில் இவர்களை விடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

யுத்தத்துக்குச் சற்று முன்பு தொடங்கிய தொண்டர் கடற்படை வேறு. 1950 டிசம்பர் 9ஆம் திகதி பிறந்த ரோயல் சிலோன் நேவி வேறு. 1972இல் நாடு குடியரசானதும் அதுவே இலங்கைக் கடற்படை ஆனது. கப்பல் பெயருக்கு முன்னால் எச்.எம்.சி.வை.எஸ். என்று இருந்தால் அது 1972க்கு முந்தையது. எஸ்.எல்.என்.எஸ். என்றால் பிந்தையது. திருமலைத் தளத்துக்குத் 'திஸ்ஸ' என்றும் காரைநகர்த் தளத்துக்கு 'எலார' என்றும் பெயர். எலார என்றால் நம் எல்லாளன்தான். தமிழ் மாலுமிகள் அப்போது அரிதான ஆட்கள் அல்லர். 1960 முதல் 1970 வரை அந்தக் கடற்படைக்குத் தலைமை தாங்கிய ரியர் அட்மிரல் ராஜன் கதிர்காமரே தமிழர்.

இனி நினைவுகளை நிச்சயமான தேதிகளோடு பூட்டுங்கள். "ஜப்பான்காரன் குண்டு போட்டபோது" என்றால் 1942 ஏப்ரல் 9. அன்றுதான் மட்டக்களப்புக் கடலில் விமானந்தாங்கிக் கப்பல் ஹெர்மிஸும் அதோடு போன வம்பயரும் தாழ்ந்தன. 'விடா' என்ற வைத்தியசாலைக் கப்பல் அறுநூறு பேரளவில் தூக்கியெடுத்தது. "மிதக்கும் டொக் உடைந்தபோது" என்றால் 1944 ஓகஸ்ட், 'வேலியன்ட்' என்ற போர்க்கப்பல் ஏறியிருக்க, கப்பலைத் தூக்கித் திருத்துகிற அந்த டொக் துறைமுகத்துக்குள்ளேயே தாழ்ந்தது. "இஸ்ரேல்காரரிடம் வாங்கின ஃப்ரிகேட்" என்றால் கஜபாகுவோ மகாசேனவோ, அதாவது 1959க்குப் பிறகு. அப்பா தன் கூட்டாளியை 'விஜய' என்ற மைன்ஸ்வீப்பரில் (கடல் கண்ணிவெடி அகற்றும் கப்பல்) கண்டதாகத்தான் முதலில் சொன்னார். ஹமொக் தொங்கிய இடத்தை விவரிக்கச் சொன்னபோது அது கஜபாகுவின் மெஸ் (மாலுமிகள் ஒன்றாகச் சாப்பிட்டுப் படுக்கிற இடம்) என்று அவரே திருத்தினார். அந்த ஒரு திருத்தம் எங்கள் தேடலை மூன்று வருடம் பிந்திய காலத்துக்கு நகர்த்தியது.

ஒரே ஒரு தாள்

எல்லாவற்றையும் ஒரு பக்கத்தில் எழுதுங்கள், இரண்டாவது பக்கத்தை யாரும் புரட்டுவதில்லை. மேலே உங்கள் ஆள்: பெயர், பிரிவு, கப்பல்கள், வருடங்கள். கீழே தேடப்படுபவர்: பெயர், பட்டப்பெயர், பிரிவு, எந்தக் கப்பல், எந்த மெஸ், ஊர், உடல் அடையாளம், ஒன்றாக இருந்த வருடங்கள். கடைசியில் உங்கள் தொலைபேசி எண்.

பெயர்தான் பெரிய சிக்கல். நம் பெயர்களில் தகப்பன் பெயர் முதலெழுத்தாக நிற்கும், நேவிப் பதிவிலோ அது குடும்பப் பெயராக மாறியிருக்கும். 'சிவ' என்பதை ஆங்கிலத்தில் வி போட்டும் எழுதுவார்கள், டபிள்யூ போட்டும் எழுதுவார்கள். கடைசியில் ஒரு எச் ஒட்டியிருக்கலாம், ஒட்டாமலும் இருக்கலாம். சிங்களப் பெயர் என்றால் ஊர்ப் பெயர், வாசகம (பரம்பரைப் பெயர்) என்று நீளும், கப்பலில் அதில் ஒரு துண்டைத்தான் கூப்பிட்டிருப்பார்கள். எத்தனை விதமாக எழுதலாமோ அத்தனையும் தாளில் போடுங்கள். பட்டப்பெயரை நம்பி அதிக தூரம் போக வேண்டாம், பிரித்தானியர் விடயத்தில் இன்னும் கவனம் வேண்டும். அவர்களிடம் குடும்பப் பெயருக்கென்றே வழிவழியாக வரும் பட்டப்பெயர் உண்டு. கிளார்க் எல்லோரும் 'நொபி', மில்லர் எல்லோரும் 'டஸ்டி'. "நொபியைத் தேடுகிறேன்" என்றால் நூறு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். ஆனால் அதே காரணத்தால், நொபி என்று மட்டும் ஞாபகம் இருந்தால் குடும்பப் பெயர் கிளார்க்காக இருக்கலாம் என்று ஊகிக்க முடியும்.

காலால் தேடுவது

கணினிக்கு முன்னால் இருப்பதற்கு முன்பு ஊரில் நடந்து தேடுங்கள். பென்ஷன் எடுக்கிற எல்லோரும் வருடத்தில் ஒரு தடவை உயிரோடு இருப்பதற்கான சான்றிதழ் கொடுக்க வேண்டும். அந்த நாட்களில் பிரதேச செயலகத்துக்கும் கிராம உத்தியோகத்தரிடமும் ஊரிலுள்ள எல்லாப் பென்ஷன்காரரும் வருவார்கள். நான் தாளைப் பத்துப் பிரதி எடுத்துக்கொண்டு ஒரு காலை முழுவதும் அந்த வாங்கில் இருந்தேன். சீருடை வேலை பார்த்தவரை இருக்கிற விதத்திலேயே கண்டுபிடிக்கலாம், எண்பது வயதிலும் முதுகு நிமிர்ந்திருக்கும். ஒருவர் கந்தளாயிலிருந்து பேரனின் மோட்டார் சைக்கிளில் வந்திருந்தார். தாளை வாங்கி, கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு வாசித்தார். "இவர் தந்திக்காரர் இல்லையா மகள்? அம்பலாங்கொடைப் பக்கம்" என்றார். எங்களுக்குத் தேவையாக இருந்த ஊர்ப் பெயர் அன்றைக்கு அந்த வாங்கில்தான் கிடைத்தது.

வைத்தியசாலைக் கிளினிக் நாட்களும் அப்படித்தான். டொக்யாட் வீதிப் பக்கத்துப் பழைய சலூன், பஸ் நிலையத் தேநீர்க் கடை, ஞாயிறு பூசை முடிந்த மரியாள் பேராலய வாசல், கோணேசர் தேர் நாள். மூதூருக்கும் கிண்ணியாவுக்கும் போக மறக்காதீர்கள், அங்கே படகு வேலை பார்த்தவர்களின் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

டொக்யாட் இன்று இயங்குகிற கடற்படைத் தளம். "அப்பா வேலை செய்த இடத்தைப் பார்க்க வேண்டும்" என்று கமராவோடு வாசலில் போய் நிற்காதீர்கள். முன்கூட்டி எழுதிக் கேளுங்கள். பெரியவரை வேறு எங்காவது கூட்டிப் போக விரும்பினால், ஒல்லாந்தர் காலத்துக் கட்டடத்தில் இருக்கிற கடற்படை அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போங்கள். பழைய பொருட்களைக் கண்டதும் பேச்சு தானாக வரும், போனில் பதிவைப் போட்டுவிடுங்கள்.

கல்வெட்டும் கல்லறையும்

இதை எழுதக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. தேடுகிற ஆள் இறந்திருக்கலாம். அப்படியிருந்தாலும் தேடல் முடிவதில்லை. நம்மிடம் வேறு யாரிடமும் இல்லாத ஒரு ஆவணம் இருக்கிறது: 31ஆம் நாள் அந்தியேட்டிக்கு வீடுகளில் அச்சடிக்கிற கல்வெட்டு, நினைவு மலர். அதில் இறந்தவர் பிறந்த ஊர், படித்த பள்ளி, பார்த்த வேலை, பிள்ளைகள் எந்த நாட்டில் என்பதெல்லாம் இருக்கும். 'நூலகம்' என்ற இணைய நூலகத்தில் இப்படியான நினைவு மலர்கள் நிறையச் சேர்த்து வைத்திருக்கிறார்கள், காசு இல்லாமல் வாசிக்கலாம். ஊர்ப் பெயரையும் 'கடற்படை' என்ற சொல்லையும் சேர்த்துத் தேடுங்கள். அதோடு, உங்கள் வீட்டு அலுமாரியில் இருக்கிற கல்வெட்டுகளையும் பாருங்கள். எல்லா வீட்டிலும் ஒரு கட்டு இருக்கும். வீரகேசரி, தினகரன் மரண அறிவித்தல்களைப் பல பெரியவர்கள் வெட்டி வைத்திருப்பார்கள், அதையும் கேளுங்கள்.

யுத்தக் காலத்தில் இறந்தவர் என்றால் நிலாவெளி வீதியில் உள்ள யுத்த மயானத்துக்குப் போங்கள். பொதுநலவாய யுத்தக் கல்லறை ஆணைக்குழு அதைப் பராமரிக்கிறது. அந்த ஆணைக்குழுவின் இணையப் பட்டியலில் பெயரால் தேடினால் கல்லறை வரிசையும் எண்ணும் வரும். கடலில் இறந்து உடல் கிடைக்காதவர்களின் பெயர்கள் வேறு நினைவுத் தூண்களில் இருக்கும், அதையும் அதே பட்டியல் சொல்லும். காலையிலேயே போய்விடுங்கள், நிழல் குறைவு.

கடிதம் போடுவது

உத்தியோக எண்ணும் வருடங்களும் கையில் வந்த பிறகுதான் கடிதம். கொழும்பிலுள்ள கடற்படைத் தலைமையகத்துக்கு எழுதலாம். முன்னாள் படைவீரர் சங்கத்துக்கும் எழுதலாம், நவம்பரில் கொழும்பு விகாரமகாதேவிப் பூங்கா நினைவுத்தூபியில் நடக்கிற அஞ்சலிக்கு வருகிறவர்களில் அந்தக் காலத்து ஆட்கள் இருப்பார்கள். தமிழில் எழுத உங்களுக்கு உரிமை இருக்கிறது, எழுதுங்கள். கூடவே ஆங்கிலப் பிரதி ஒன்றையும் வைத்தால் மேசை மேசையாகப் போகிற நாட்கள் குறையும்.

என் முதல் கடிதத்தில் "இவரின் விலாசத்தைத் தரவும்" என்று கேட்டிருந்தேன். ஐந்து மாதம் கழித்து, தர முடியாது என்று இரண்டு வரியில் பதில் வந்தது. யோசித்துப் பார்த்தால் அது நியாயம்தான். ஒருவரின் விலாசத்தை முன்பின் தெரியாதவருக்கு எப்படிக் கொடுப்பது? ஆகவே விலாசம் கேட்காதீர்கள். ஒட்டிய கடிதம் ஒன்றை உள்ளே வைத்து, முத்திரையும் ஒட்டி, "இதை அவரிடமோ குடும்பத்திடமோ சேர்த்துவிட முடியுமா?" என்று கேளுங்கள். உள்ளே வைக்கிற கடிதம் சின்னதாக இருக்கட்டும். நான் எழுதியது இவ்வளவுதான், சிங்களத்திலும் தமிழிலும்:

"மதிப்புக்குரிய ஐயா, 1960ஆம் ஆண்டளவில் கஜபாகு கப்பலில் உங்களுக்குப் பக்கத்து ஹமொக்கில் படுத்த சிக்னல்மேனின் மகள் நான். அப்பா திருகோணமலையில் சுகமாக இருக்கிறார். ஹமொக்கை ஆறு சுற்றோடு விட்டுவிடுவீர்கள் என்று இப்போதும் சொல்கிறார். உங்களுக்குப் பேச விருப்பம் இருந்தால் இந்த எண்ணுக்குச் சொல்லுங்கள். விருப்பம் இல்லாவிட்டால் பதில் எழுதத் தேவையில்லை, நாங்கள் குறை நினைக்கமாட்டோம்."

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

பிரித்தானிய நண்பர் என்றால் வழி வேறு. பல கப்பல்களுக்குத் தனித்தனிப் பழைய மாலுமிச் சங்கங்கள் உண்டு, முதலில் அவர்களுக்கு எழுதுங்கள். லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் கப்பல்களின் நாட்குறிப்புப் பதிவேடுகள் இருக்கின்றன. எந்த நாளில் எந்தத் துறைமுகம் என்பது அவற்றில் தெரியும், ஆனால் சாதாரண மாலுமிகளின் பெயர்ப்பட்டியலை எதிர்பார்த்துக் காசு கட்டாதீர்கள்.

முகநூலும் வாட்ஸ்அப்பும்

சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு படம், ஒரு கேள்வி, அவ்வளவு போதும். "இதில் இடமிருந்து மூன்றாவது நிற்பவரைத் தெரியுமா? கஜபாகு, 1960 அளவில்." உத்தியோக எண், அடையாள அட்டை எண், பென்ஷன் விவரம் எதையும் போடாதீர்கள். பணம் அனுப்பினால் கண்டுபிடித்துத் தருகிறேன் என்கிறவரை விட்டு விலகுங்கள். பறங்கியர் பலர் அவுஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார்கள், தமிழர் கனடாவுக்கும் இங்கிலாந்துக்கும் போய்விட்டார்கள். அதனால் பெரியவரின் குரல் பதிவை வாட்ஸ்அப்பில் விடுவது எழுத்தைவிட நன்றாக வேலை செய்யும், பேரப்பிள்ளைகள் அதைத் தாத்தாவின் காதில் வைப்பார்கள்.

ஆள் கிடைத்த பிறகு

உடனே போனைப் பெரியவர் கையில் கொடுக்காதீர்கள். முதலில் நீங்கள் அந்த வீட்டுப் பிள்ளைகளோடு பேசுங்கள். காது கேட்கிறதா, நினைவு எப்படி, எந்த நேரம் தெளிவு என்று விசாரியுங்கள். ஆள் அவர்தானா என்று உறுதிசெய்ய, உங்கள் தாளில் எழுதாமல் வைத்த ஒரு விவரத்தைக் கேளுங்கள். நான் சீஃப் எந்த ஊர்க்காரர் என்று கேட்டேன்.

விருப்பம் இல்லாவிட்டால் பதில் வேண்டாம் என்று எழுதச் சொன்னேன் அல்லவா? கடற்படை என்ற சொல் எங்கள் பகுதியில் எல்லா வீட்டிலும் ஒரே மாதிரி ஒலிக்காது. 1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்த பிறகு மனம் கசந்து விலகிய தமிழ் மாலுமிகள் இருக்கிறார்கள். யுத்தக் காலத்தில் அதே கடற்படையால் பிள்ளையை இழந்த முன்னாள் மாலுமியும் இருக்கிறார். தகப்பன் நேவியில் இருந்ததை முப்பது வருடம் வெளியில் சொல்லாமல் மறைத்த குடும்பம் எனக்குத் தெரியும். சிங்களப் பக்கத்திலும் மகனைக் கடலில் பறிகொடுத்த வீடுகள் உண்டு. ஆகவே கேட்டு, பதில் வந்தால் மட்டும் அடுத்த அடி வையுங்கள். நான் தேடிய நால்வரில் ஒருவரைப் பற்றி இன்னும் தெரியவில்லை என்றேன். கடிதம் போய்ச் சேர்ந்தது என்று நிச்சயமாகத் தெரியும். அவர் பதில் எழுதவில்லை. இரண்டாவது கடிதம் போட மாட்டேன்.

இறந்திருந்தார் என்று தெரிந்தால், உங்களிடம் உள்ள படத்தின் நல்ல பிரதி ஒன்றைக் குடும்பத்துக்கு அனுப்புங்கள், பின்னால் யார் யார் என்று எழுதி. உப்புவெளிப் பெரியவருக்காக அப்படி அனுப்பியபோது, தன் தகப்பனை இருபது வயதில் முதல் தடவை பார்க்கிறேன் என்று அந்த மகன் தொலைபேசியில் அழுதார்.

நேரில் சந்திக்கிறார்கள் என்றால் பக்கத்தில் கழிவறை இருக்கிற இடமாகப் பாருங்கள், முதுகு சாய்க்கிற கதிரை வேண்டும், ஆட்கள் குறைவாக இருக்க வேண்டும். அம்பலாங்கொடையிலிருந்து அவர் மகனோடு வேனில் வந்தார். டச்சு விரிகுடாக் கரையில் சந்திக்க வைக்கலாம் என்று நினைத்திருந்தேன், அன்று காற்று பலமாக இருந்ததால் எங்கள் விறாந்தையே இடமாகிவிட்டது. இருவரும் முதலில் ஒன்றும் பேசவில்லை. தேத்தண்ணி வந்தது. அப்பா கதிரைக்கடியில் இருந்த பருத்திக் கயிற்றை எடுத்து அவர் மடியில் போட்டார். அவர் சிரித்தபடி சுற்றத் தொடங்கினார். ஆறாவது சுற்றில் அப்பாவைப் பார்த்துவிட்டு ஏழாவதையும் போட்டார். அதற்குப் பிறகு ஆங்கிலம், சிங்களம், தமிழ் எல்லாம் கலந்து மூன்று மணி நேரம் பேசினார்கள். நாற்பது நிமிடக் கணக்கை அன்றைக்கு நான் சொல்லவில்லை.

இப்படியான நாளில் ஒரு கொப்பியும் பேனையும் பக்கத்தில் இருக்கட்டும். ஒருவர் மறந்த பெயரை மற்றவர் எடுத்துக் கொடுப்பார். எங்களுக்கு அன்று ஐந்து புதிய பெயர்கள் கிடைத்தன, இரண்டுக்கு ஊரும் சேர்ந்து. இரவு அவர் போன பிறகு ஒவ்வொரு பெயருக்கும் ஒரு தாள் எழுத உட்கார்ந்தேன். அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, "முதல்ல அந்தக் குக்கைத் தேடு பிள்ளை, அவன்தான் எங்களில மூத்தவன்" என்றார்.